ஒரே ஈயம், இரண்டு எடை

தலவாக்கலை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இருமல் குறைந்ததையும், லயத்துக் கூரைத் தகரத்தை ஒருவழியாக மாற்றியதையும் படித்து ஆறுதலாக இருந்தது. ஆனால் கடிதத்தை மடித்து வைத்த பிறகும் என்னோடு கூடவே வந்தது கடைசிப் பக்கத்தில் நீ எழுதிய கேள்விதான்.

"நாகத்துக்கும் வெள்ளை வீழ்படிவு, அலுமினியத்துக்கும் வெள்ளை, மகனீசியத்துக்கும் வெள்ளை. சேர் சொன்னபடி எழுதிவிடுகிறேன். ஆனால் அக்கா, இது நாகம்தான் என்று முதன்முதலில் யாருக்கு, எப்படி நிச்சயமாகத் தெரிந்தது?" என்று கேட்டிருந்தாய். இதற்கெல்லாம் பரீட்சையில் புள்ளி வராது என்றும் சேர்த்திருந்தாய். வராமல் போகட்டும். உயர்தரத்துக்கு விஞ்ஞானம் படிக்க நம் மலையில் எத்தனை பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கிறது? அப்படிக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு நீ இந்தக் கேள்வியைக் கேட்கிறாய் என்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத்தில் சொல்ல வரவில்லை. அதனால் பதிலை நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உன் மூன்று வெள்ளைகள். சோடியம் ஐதரொட்சைட்டை மேலும் மேலும் விட்டுப் பார். மகனீசியத்தின் வெள்ளை அப்படியே கிடக்கும். மற்ற இரண்டும் கரைந்து தெளிந்துவிடும். அந்த இரண்டையும் புதிதாக எடுத்து, இந்தத் தடவை அமோனியாக் கரைசலை மிகையாக விடு. நாகம் கரையும், அலுமினியம் கரையாது. ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்வி. ஒரு கேள்விக்கு இரண்டு மூலகங்கள் ஒரே பதிலைச் சொல்லலாம். கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே போனால் எங்காவது ஓரிடத்தில் இரண்டும் பிரிந்துதான் ஆகவேண்டும். இந்த நம்பிக்கையை வைத்துத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இரசாயனவியலார் வேலை செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அதை ஆட்டியதில் நம் மலைக்கு அந்தப் பக்கத்துக் கல் ஒன்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் உனக்குப் பதில் சொல்ல முடியாது.

அதற்கு முன் தேயிலை. நீ தினமும் பார்க்கிற செடியே மூலகங்களைப் பிரித்துக் காட்டும். கவ்வாத்து வெட்டிய மலையில் புதுக் கிளை வரும்போது இலைகள் சிறுத்து, ஒடுங்கி, அரிவாள் போல வளைந்து, நுனியில் கூட்டமாக நெருங்கி நின்றால் அது நாகக் குறைவு. அதற்குத்தான் அப்பா தோளில் டேங்கைச் சுமந்துகொண்டு சிங்க் சல்பேட் அடிக்கிறார். அடியிலுள்ள முற்றிய இலைகளில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் படர்ந்தால் மகனீசியத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஏன் முற்றிய இலை? பச்சையத்தின் நடுவில் இருப்பது மகனீசியம். அது போதாமல் போனால் செடி பழைய இலையிலிருந்து அதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். கந்தகத்தை அப்படி இலகுவாக நகர்த்த முடியாது. அதனால் கந்தகம் குறைந்தால் இளம் இலைதான் முதலில் மஞ்சளாகும். எந்த இலை என்று பார்ப்பதே பாதிச் சோதனை.

செம்புக் குறைவு இன்னும் வினோதமானது. அது மலையில் அவ்வளவாகத் தெரியாது, ஸ்டோரில்தான் தெரியும். உருட்டிய கொழுந்தைப் பரப்பி வைத்தால் பச்சை செந்நிறமாக மாறுகிறதே, அந்த மாற்றத்தை நடத்தும் நொதியத்துக்குள் செம்பு அணு இருக்கிறது. செம்பு குறைந்த கொழுந்தை எவ்வளவு நேரம் பரப்பி வைத்தாலும் அந்த நிறம் சரியாக வராது. மலாவி நியாசாலாந்து என்று அழைக்கப்பட்ட காலத்தில் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் இது தெளிவாகக் கண்டறியப்பட்டது. ஒரு மூலகத்தின் பெயரை ஒரு தோட்டத்துத் தேயிலையின் நிறத்திலிருந்து படித்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

ஆனாலும் இலை சொல்வது சாட்சி மட்டுமே, தீர்ப்பு ஆகாது. வரட்சியும், வேரில் தண்ணீர் தேங்குவதும், பூச்சியும் இதே மாதிரி மஞ்சளைக் கொண்டுவரும். அதனால்தான் இலைகள் பைகளில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு வருகின்றன. நாங்கள் அவற்றைக் காயவைத்து, அரைத்து, 500 பாகை அளவில் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை அமிலத்தில் கரைக்கிறோம். அந்தக் கரைசலைச் சுடரில் தெளித்து, சுடருக்குக் குறுக்கே ஒரு விளக்கின் ஒளியைச் செலுத்துகிறோம். நாகத்தை அளக்க நாகத்தால் செய்த விளக்கு வேண்டும், செம்புக்குச் செம்பு விளக்கு. நாக விளக்கு 213.9 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளிரும். சுடரிலுள்ள அணுக்களில் நாக அணுக்கள் மட்டுமே அந்த ஒளியை விழுங்கும். பக்கத்தில் நிற்கும் மகனீசியத்துக்கு அந்த ஒளியே கண்ணில் படாது. அதற்கு வேண்டியது 285.2. எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்த்தால் இலையில் எவ்வளவு நாகம் இருந்தது என்று வந்துவிடும். இந்த முறையை 1955இல் அவுஸ்திரேலியாவில் அலன் வால்ஷ் என்பவர் கொண்டுவந்தார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இயந்திரம் செம்பு இருக்கிறது என்று சொல்லுமே தவிர அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்ததிலிருந்து செம்பு மருந்து அடிக்கிறோம். இலையின் மேல் ஒட்டிய மருந்தும் வேர் உறிஞ்சிய செம்பும் இயந்திரத்துக்கு ஒன்றுதான். எந்தச் செடி, எத்தனையாவது இலை, கடைசியாக எப்போது மருந்து அடித்தது என்றெல்லாம் மலையில் நின்றவரிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். அப்பா மாதிரி ஆட்கள் சொல்லும் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் எங்கள் இலக்கங்களுக்கு அர்த்தமில்லை.

இந்த ஒளி விஷயம் எங்கே தொடங்கியது தெரியுமா? நீ செய்யும் சுவாலைப் பரிசோதனையில்தான். ஹைடல்பேர்க் நகரில் பன்சனும் கிர்க்கொஃபும் 1859, 1860ஆம் ஆண்டுகளில் சுடரின் ஒளியை அரியத்தின் ஊடாகப் பிரித்துப் பார்த்தார்கள். கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரிந்த சுடர், தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு மூலகத்துக்கும் அதனதன் கோடுகள், மாறாத இடங்களில். டேர்க்கைம் ஊற்றுத் தண்ணீரில் யாருக்கும் சொந்தமில்லாத நீலக் கோடுகள் தெரிந்தபோது அங்கே புது மூலகம் இருக்கிறது என்று துணிந்து சொன்னார்கள். அதுதான் சீசியம். அதில் ஒரு சிறு அளவு உப்பைக் கையில் எடுக்க ஆயிரக்கணக்கான லீற்றர் தண்ணீரை வற்றவைக்க வேண்டியிருந்தது. முதலில் கோடு, பிறகுதான் பொருள்.

அதைவிடத் துணிச்சலான கதை நம் பக்கத்திலேயே நடந்தது. 1868 ஆகஸ்ட் 18ஆம் திகதி தென்னிந்தியாவின் மேல் முழுச் சூரிய கிரகணம். பிரான்ஸிலிருந்து வந்த ஜான்சன் குண்டூரில் நின்று பார்த்தார். மதராஸ் வானாய்வகத்தின் பொக்சன் மசூலிப்பட்டினத்தில் நின்றார். சூரியனின் விளிம்பில் எழும் சுவாலைகளின் நிறமாலையில் மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. மஞ்சள் என்றால் சோடியம் என்றுதான் யாருக்கும் தோன்றும். காஸ் அடுப்பில் உப்புப் போட்ட பருப்பு பொங்கி வழிந்தால் சுடர் மஞ்சளாக எரிவதும் சோடியத்தால்தான். ஆனால் சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நனோமீற்றரில் இருக்கும். இந்தப் புதுக் கோடு 587.6. அருகிலுள்ள சோடியக் கோட்டிலிருந்து இரண்டு நனோமீற்றருக்கும் குறைந்த வேறுபாடு. அதே வருடம் ஒக்டோபரில் இங்கிலாந்தில் லொக்கியர் இதைக் கவனமாக அளந்து, பூமியில் அறிந்த எதனோடும் இது பொருந்தவில்லை என்று கண்டார். ஹீலியம் என்று பெயரும் வைத்தாயிற்று. பூமியில் அந்தப் பொருளை ரம்சே என்ற இரசாயனவியலார் பிடித்தது 1895இல். இருபத்தேழு வருடம் ஒரு மூலகம் வெறும் கோடாகவே வாழ்ந்திருக்கிறது.

இப்போது நம் கல்லுக்கு வருகிறேன்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போய், அங்கிருந்து மலை இறங்கினால் பலாங்கொடை. கெசல்கமு ஓயாப் பக்கம் மாணிக்கம் தேடுகிறவர்கள் மணலைக் கூடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றுவதை நீயே பார்த்திருப்பாய். இலேசானது அடித்துக்கொண்டு போகும், கனமானது அடியில் தங்கும். பலாங்கொடைப் பக்கத்தில் அப்படி அடியில் தங்கியவற்றில் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரக் கற்கள் இருந்தன. தண்ணீரைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் கனம், இரும்பையும் மிஞ்சும். மாணிக்கம் தேடுகிறவருக்கு அவற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்தக் காலத்தில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. நடராசர் தாண்டவத்தைப் பற்றி உலகத்துக்கு எழுதியவராக அவரை நீ அறிவாய். சேர் முத்து குமாரசுவாமியின் மகன், 1877இல் கொழும்பில் பிறந்தவர். கலைக்கு வருமுன் அவர் கல்லைப் படித்தவர் என்பதை நம் பாடப் புத்தகங்கள் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் மனக்குறை. 1903இலிருந்து 1906 வரை அந்தப் பதவியில் இருந்து, தீவின் கற்களை ஊர் ஊராகத் தேடிப் பதிந்தார். கண்டிப் பக்கத்து அம்பக்கோட்டையில் கிடைத்த செரண்டிபைட் என்ற கனியத்தைப் பிரையர் என்பவரோடு சேர்ந்து 1903இல் உலகுக்கு அறிவித்தவரும் அவரே. பலாங்கொடைக் கறுப்புக் கல் அவர் கைக்கு வந்தபோது அது யுரேனியக் கனியமாக இருக்கும் என்றே முதலில் கருதப்பட்டது. கறுப்பு, கனம், சதுரம் ஆகிய மூன்று அடையாளமும் அதற்குப் பொருந்தின. கல் லண்டனுக்குப் போனது. இம்பீரியல் நிறுவனத்தில் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது முக்கால் பங்குக்குமேல் தோரியம் ஒட்சைட்டு, யுரேனியம் கொஞ்சம்தான். 1904இல் அதற்குத் தோரியனைட் என்று பெயரிட்டார்கள். கல்லைச் சூடாக்கினால் உள்ளே அடைபட்டிருந்த வாயு வெளியே வந்தது. அதன் நிறமாலையில் 587.6இல் மஞ்சள் கோடு. சூரியனின் விளிம்பில் பார்த்த ஹீலியம் நம் ஆற்று மணலுக்குள் இருந்திருக்கிறது.

அந்தக் கல் லண்டனில் ரம்சேயின் ஆய்வுகூடத்துக்கும் வந்தது. 1904இல் ஆங்கிலம் பழகுவதற்காக ஜெர்மனியிலிருந்து வந்த ஓட்டோ ஹான் என்ற இளைஞனிடம், இதிலிருந்து எடுத்த பேரியம் உப்பைக் கொடுத்து, இதற்குள் இருக்கும் ரேடியத்தைப் பிரி என்றார் ரம்சே. ஹான் பிரித்துக்கொண்டே போனபோது ரேடியத்தோடு வேறொன்றும் கதிர்வீசியது. 1905இல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார். புது மூலகம் என்றே எல்லோரும் எண்ணினார்கள். எண்ணாமல் என்ன செய்வது? தோரியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறைய 1400 கோடி ஆண்டுகள் வேண்டும். இது 1.9 ஆண்டில் பாதியாகிவிடும். இவ்வளவு வேறுபாடுள்ள இரண்டை ஒன்று என்று யார் சொல்வார்?

இங்கேதான் உன் கேள்வி தலைகீழாகிறது, தம்பி. ரேடியோதோரியத்தைத் தோரியத்தோடு ஒருமுறை கலந்துவிட்டால் மறுபடி பிரிக்க முடியவில்லை. 1907இல் சிக்காகோவில் மக்கோய், ரொஸ் என்ற இருவர் தெரிந்த முறை எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள். வீழ்படிவாக்கினால் இரண்டும் சேர்ந்தே விழுந்தன, கரைத்தால் சேர்ந்தே கரைந்தன. எத்தனை கேள்வி கேட்டாலும் இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின. இன்னும் இப்படிச் சோடிகள் வரத் தொடங்கின. ஆவர்த்தன அட்டவணையில் அத்தனைக்கும் இடமில்லை.

ஃபிரெடெரிக் சொடி 1913இல் துணிந்து சொன்னார்: இவை வேறு வேறு மூலகங்கள் இல்லை, ஒரே மூலகத்தின் வேறு வேறு எடையுள்ள அணுக்கள். சமதானி என்று நீ ஒரு வரியில் எழுதும் சொல் அப்போது பிறந்தது. சொல்லிவிட்டால் போதுமா, காட்ட வேண்டாமா? அதற்கும் இலங்கைக் கல்தான் வந்தது, இந்த முறை தோரைட் என்ற வேறொரு தோரியக் கனியம். தோரியம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. சொடியின் கணக்குப்படி அந்த ஈயம் 208 எடையில் இருக்க வேண்டும். சாதாரண ஈயத்தின் எடை 207.2. கிலோக்கணக்கில் தோரைட்டைப் பொறுக்கி, உடைத்து, கரைத்து, அதிலிருந்து ஈயத்தை எடுத்தார்கள். அடர்த்தியை அளந்தார் சொடி. சாதாரண ஈயம் 11.346, தோரைட் ஈயம் 11.376. வியன்னாவில் ஹோனிக்ஷ்மிட் அணுநிறையை அளந்தபோது 207.77 வந்தது. அதே காலத்தில் யுரேனியக் கனியங்களிலிருந்து எடுத்த ஈயம் 206ஐ ஒட்டி வந்தது.

இந்த ஈயங்களில் எதை எடுத்து நீ உன் பரிசோதனைக் குழாயில் போட்டாலும் ஐதரோகுளோரிக் அமிலத்தில் வெள்ளை வீழ்படிவு வரும், சூடாக்கினால் கரையும். பொற்றாசியம் அயடைட்டு விட்டால் அதே பொன்மஞ்சள். நிறமாலையிலும் அதே கோடுகள். எடை மட்டும் வேறு. அணுவின் எடைதான் மூலகத்தின் அடையாளம் என்று நூறு வருடம் நம்பியிருந்தார்கள். இலங்கை ஈயமும் சாதாரண ஈயமும் தராசில் வேறுபட்டு, மற்ற எல்லாவற்றிலும் ஒன்றாக நின்று அந்த நம்பிக்கையை முடித்துவைத்தன.

எடை போய்விட்டால் பிறகு எதுதான் அடையாளம்? அதே 1913இல் மான்செஸ்டரில் ஹென்றி மோஸ்லி என்ற இருபத்தைந்து வயது இளைஞர் அதற்கு விடை கண்டுகொண்டிருந்தார். மூலகங்களை ஒவ்வொன்றாக இலத்திரன் கற்றையின் முன்னே வைத்து, அவை வெளிவிடும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அளந்தார். கல்சியத்திலிருந்து மேலே போகப்போக அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒரே அளவான படிகளாக ஏறியது. நடுவில் அரைப்படி கிடையாது. எடைப்படி அடுக்கினால் கோபால்ற்று 58.93, நிக்கல் 58.69 என்று முன்பின்னாகக் குழம்பும். எக்ஸ் கதிர் அவற்றை 27, 28 என்று சரியாக நிறுத்தியது. நாகம் சூட்டில் ஆவியாகிவிடும் என்பதால் அதற்குப் பதில் பித்தளையை வைத்தார். அந்தப் படத்தில் செம்பின் கோடுகளும் அதற்கு ஒரு படி மேலே நாகத்தின் கோடுகளும் ஒன்றாகவே விழுந்தன. உன் கேள்விக்கு நேரான பதில் அந்தப் படம்தான். நாகம் என்றால் 30. வெள்ளையாக விழுவதாலோ அமோனியாவில் கரைவதாலோ அது நாகமாகவில்லை. கருவில் 30 புரோத்தன் இருக்கிறது, அதனால் அது நாகம், அதனால் வெள்ளையாக விழுகிறது, அதனால் கரைகிறது.

தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் செக்ரோல் நம்பரைச் சொல்லித்தான் யார் என்று பிரிப்பார்கள். அணுவெண்ணை அப்படி நினைத்துக்கொள். ஆனால் செக்ரோல் நம்பர் கந்தோரில் போடுவது, இன்னொரு தோட்டத்துக்குப் போனால் மாறிவிடும். இது யாரும் போட்டது இல்லை. மோஸ்லி கண்டெடுத்தார், அவ்வளவுதான். 1915 ஆகஸ்ட் 10ஆம் திகதி கலிப்பொலிப் போரில் அவர் இறந்தபோது வயது இருபத்தேழு. இந்த வரியை எழுதும்போது ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. இன்னும் என்னென்ன அளந்திருப்பார்!

அவர் அட்டவணையில் 43, 61, 75 என்ற இடங்கள் காலியாக இருந்தன. அதில் ஒன்றுக்கு மறுபடி நம் தோரியனைட்டே வருகிறது. ஜப்பானிலிருந்து ரம்சேயிடம் வந்த மசடாக்கா ஒகாவா அந்தக் கல்லில் புது மூலகம் ஒன்றைக் கண்டு, 1908இல் அதற்கு நிப்போனியம் என்று பெயரிட்டார். அணுநிறை 100 அளவில் வந்ததால் 43ஆவது இடத்தில் வைத்தார். வேறு யாராலும் அதை மறுபடி எடுக்க முடியவில்லை. பெயர் அட்டவணையிலிருந்து விழுந்துவிட்டது. ஒகாவா தோஹோகு பல்கலைக்கழகத்தின் தலைவராக உயர்ந்து, 1930இல் காலமானார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யொஷிஹரா, ஒகாவா விட்டுப்போன எக்ஸ் கதிர்ப் படத்தை எடுத்துப் பார்த்தார். கோடுகள் 75க்கு உரியவை. ரேனியம்! ஜெர்மனியில் நொடாக், டாக்கே, பேர்க் மூவரும் 1925இல் கண்டுபிடித்ததாக உலகம் அறிந்த அதே ரேனியம். ஆவர்த்தன அட்டவணையை விரித்துப் பார், 43க்கு நேர் கீழே 75. ஒகாவாவின் கையில் இருந்தது உண்மையான புது மூலகம்தான், ஒரு வரிசை மேலே வைத்துவிட்டார். 1908இல் எடையைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. 43 என்பது நிலையான அணுவே இல்லாத மூலகம் என்று 1937இல், அதை இயந்திரத்தில் உண்டாக்கிய பிறகுதான் தெரிந்தது. ஜப்பானியர் 113ஆம் மூலகத்தைச் செய்து, 2016இல் அதற்கு நிஹோனியம் என்று பெயர் வைத்ததைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒகாவாதான்.

இலங்கைச் சேர்க்கன் கல்லையும் சொல்லிவிடுகிறேன். 1789இல் பெர்லினில் கிளாப்ரொத் அதைப் பகுத்துச் சேர்க்கோனியத்தின் ஒட்சைட்டைக் கண்டார். அதற்குப் பிறகு நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல் சேர்க்கோனியத்தைத் தொட்ட ஒவ்வொருவர் கையிலும் அஃப்னியமும் கூடவே இருந்திருக்கிறது. இரசாயனச் சோதனைகளில் இரண்டும் அவ்வளவு ஒத்துப்போகும். 1923இல் கோப்பன்ஹேகனில் கொஸ்டரும் ஹெவெசியும் ஒரு சேர்க்கன் கல்லில் எக்ஸ் கதிரைப் பார்த்ததும் 40இன் கோடுகளோடு 72இன் கோடுகளும் தெரிந்தன. அத்தனை வருடம் மறைந்திருந்தது ஒரு படத்தில் வெளிவந்தது.

ஹானுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். பேரியத்தையும் ரேடியத்தையும் பிரிக்க லண்டனில் பழகிய கை, 1938 டிசம்பரில் பெர்லினில் அதே வேலையைச் செய்தது. நியூத்திரன் மோதிய யுரேனியத்திலிருந்து ரேடியம் வந்ததாக எண்ணி, ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து பிரித்துப் பார்த்தார். ரேடியம் பிரிந்து வரவேண்டிய இடத்தில் பிரியவே இல்லை. அது பேரியமாகவே இருந்தது. அணு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று உலகம் அறிந்தது, இது எந்த மூலகம் என்ற உன் கேள்வியை அவர் விடாமல் கேட்டதால்தான்.

உன் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் சாமான் போதாது என்று எழுதியிருந்தாய். இருப்பதை வைத்து இதைச் செய். பழைய சீடி ஒன்று, ஒரு காட்போட் பெட்டி. பெட்டியின் ஒரு முனையில் சவர அலகு இரண்டை நெருக்கி ஒட்டி மெல்லிய பிளவு செய். எதிர் முனையில் சீடியைச் சாய்த்து வைத்து, மேலே பார்க்க ஒரு துளை போடு. மின்குமிழ்களைப் பார். பழைய இழைக்குமிழ் தொடர்ச்சியான நிறங்களைக் காட்டும். வெள்ளைக் குழல் விளக்கில் பச்சையிலும் நீலத்திலும் பிரகாசமான கோடுகள் நிற்கும், அவை பாதரசத்துடையவை, 546, 436. பிறகு சுடரில் உப்பு, அதன்பின் உரக் களஞ்சியத்திலிருந்து ஒரு சிட்டிகை பொட்டாஷ். பொற்றாசியத்தின் ஊதாவைச் சோடியத்தின் மஞ்சள் மூடிவிடும், அதனால் நீலக் கோபால்ற்றுக் கண்ணாடி இருந்தால் சேரிடம் கேட்டு வாங்கிக்கொள். சூரியனை மட்டும் நேராகப் பார்க்காதே. கண்டதை நிறத்தின் பெயரோடு நிறுத்தாமல், எந்தக் கோடு எதற்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் என்று வரைந்து எனக்கு அனுப்பு.

பரீட்சையில் சேர் சொன்னபடியே எழுது, அதில் குறையொன்றும் இல்லை. எந்தச் சோதனையை எழுதினாலும் வேறு எந்த மூலகம் இதே பதிலைச் சொல்லும், அதை எப்படி விலக்கினேன் என்று பக்கத்தில் பென்சிலால் உனக்காக ஒரு வரி குறித்துக்கொள்.

விடுமுறைக்கு வரும்போது முதல்நாளே அறிவி. இயந்திரத்தை உனக்குக் காட்ட அனுமதி கேட்டு வைக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் தேயிலையில் நீ சந்தேகப்படும் இலைகளைக் காகிதப் பையில் போட்டுக் கொண்டுவா. பொலித்தீனில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். எந்தச் செடி, எத்தனையாவது இலை, எப்போது மருந்து அடித்தது என்று பையின்மேல் எழுத மறக்காதே. அப்பாவிடம் சிங்க் கலக்கும்போது கையுறை போடச் சொல், நான் சொன்னதாகச் சொல். அம்மாவுக்கு இருமல் திரும்பினால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. அப்பாயிக்கு என் அன்பு.

அன்புடன்,
அக்கா